சக்குலென்ட் செடிகளுக்கு மண் கலந்தது: சல்லடை, அளவுக் குவளை, கொஞ்சம் பொறுமை

எச்சிவேரியா, ஹாவொர்த்தியா, ஜேட், இரண்டு வகைக் கற்றாழை, ஒரு சின்னத் தொட்டியில் லித்தாப்ஸ். எல்லாமே சதைப்பற்றான இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்துவைக்கும் சக்குலென்ட் செடிகள். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தொட்டி மாற்ற வேண்டியிருந்தது. கள்ளி, சக்குலென்ட் செடிகளுக்கானது என்று அச்சிட்ட ஒரு மண் பையும் கையில் இருந்தது. செடியை வைப்பதற்கு முன்னால் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று ஒரு குவளை எடுத்துத் தாளில் பரப்பி நிழலில் காயவைத்தேன்.

காய்ந்ததும் சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, அதில் மண்ணைப் போட்டு மெதுவாக ஆட்டினேன். அந்த வலையின் கண் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். முக்கால்வாசி மண் கீழே இறங்கிவிட்டது. மேலே நின்றவை பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளை உருண்டைகள் சில, மரப்பட்டைத் துணுக்குகள், சுருண்ட நார்கள், அவ்வளவுதான். கீழே விழுந்த தூளை நனைத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பார்த்தேன். விரல் ரேகை பதிந்தபடி உருண்டையாக நின்றது. கையைத் திறந்த பிறகும் உதிரவில்லை. மேலே நின்றதை அதேபோல நனைத்து இறுக்கினால், கையைத் திறந்ததும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

சக்குலென்ட் மண்ணைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும். பையின் மேல் எழுதியிருக்கும் பெயரும், உள்ளே கலந்த பொருட்களின் பட்டியலும் அடுத்த கட்டம். முதலில் பார்க்க வேண்டியது துகளின் அளவு. மண்ணியலில் 0.002 மி.மீ.க்குக் கீழே இருப்பது களி, அதற்கு அடுத்தது வண்டல், பிறகு 2 மி.மீ. வரை மணல், அதற்கு மேல் சரளை. சக்குலென்ட் தொட்டியில் பெரும்பகுதி 2 முதல் 6 மி.மீ. வரை இருந்தால் நல்லது. அதாவது, நாம் மண் என்று சொல்வதே அதில் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பருமன்? தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் வேருக்கு முதலில் வரும் கேடு மூச்சுத்திணறல். வேரும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உயிர்வாழும் உறுப்புதான். துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால், அந்தத் தண்ணீர் வழியாக ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. திணறிப்போன வேரைத்தான் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் எளிதாகப் பிடிக்கின்றன.

இலைச்செடிகள் இதே மண்ணில் தாக்குப்பிடிக்கின்றனவே என்று தோன்றும். அவை பகலெல்லாம் இலைத்துளைகளைத் திறந்துவைத்து நீரை ஆவியாக விடுகின்றன. அந்த வேகத்தில் வேரும் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் சந்துகள் சீக்கிரம் காலியாகிக் காற்று உள்ளே வந்துவிடுகிறது. சக்குலென்ட்கள் பெரும்பாலும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கின்றன. ஜேடும் எச்சிவேரியாவும் சேர்ந்த கிராசுலேசியே குடும்பத்தின் பெயர்தான், இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துவைத்துக்கொள்ளும் இந்த வகை ஒளிச்சேர்க்கைக்கே வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு சிக்கனமாக நீரைச் செலவிடும் செடியால், நனைந்த மண்ணைத் தானே உறிஞ்சிக் காயவைக்க முடியாது. அந்த வேலையை மண்தான் செய்துகொடுக்க வேண்டும்.

அடியில் தேங்கும் நீர்

கலவைக்குப் போவதற்கு முன் இன்னொரு விஷயம். தொட்டியில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வழிந்துவிட்டது, அதனால் மண் வடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் வழியும். அது நின்ற பிறகு கீழ்முனையைத் தொட்டால் சொதசொதவென்றுதான் இருக்கும். தொட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, நுண்ணிய சந்துகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இரண்டும் சமமாகும் உயரம் வரை அடியில் ஒரு ஈரப்பட்டை நின்றுவிடுகிறது.

அந்தப் பட்டையின் உயரம் மண்ணின் துகளைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு மண்ணில் அது 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் நனைந்து நிற்கும். அதே மண்ணை 6 செ.மீ. ஆழமுள்ள அழகுக் கிண்ணத்தில் போட்டால் பாதி நனைந்து நிற்கும். சக்குலென்ட் என்றாலே ஆழமில்லாத கிண்ணம் என்று பலரும் தேடிப்போகிறார்கள். கிண்ணம் எவ்வளவு ஆழம் குறைகிறதோ அவ்வளவு பருமனான கலவை அதற்கு வேண்டும்.

அடியில் கூழாங்கல் அடுக்கும் பழக்கம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் வடிகால் அதிகமாகாது. மேலே இருக்கும் நுண்மண் தன் சந்துகளில் பிடித்த நீரைக் கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்காது. ஈரப்பட்டை அப்படியே கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். வேருக்கு இருந்த இடமும் குறையும். ஓட்டை வழியே மண் கொட்டாமலிருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

என்னென்ன போடலாம்

பியூமிஸ் என்னும் நுரைக்கல் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம் என்பது என் கருத்து. எரிமலைக் குழம்பு குளிரும்போது வாயுக்குமிழிகள் சிக்கிக்கொண்டு உருவான கல். எடை குறைவு, தன்னுள் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், துகள்களுக்கு நடுவே காற்றையும் விடும், பல வருடமானாலும் நொறுங்காது. பெர்லைட்டும் எரிமலைக் கண்ணாடிதான். அதை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிப் பல மடங்கு உப்பிவிடுகிறது. வேலையை ஒழுங்காகச் செய்யும், ஆனால் விரலால் அழுத்தினாலே நசுங்கும். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் மிதந்து மேலே வந்து நிற்கும். பையைத் திறந்ததும் அதன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளற வேண்டும், மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

பெயர் ஒலிப்பு ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் வெர்மிகுலைட்டை இதற்குப் பதிலாகப் போட்டுவிடுகிறார்கள். அது அடுக்கடுக்கான கனிமம், நீரைப் பிடித்துவைப்பதற்கென்றே விதைத்தட்டில் பயன்படுவது. சக்குலென்ட் தொட்டியில் அதற்கு வேலையில்லை.

எனக்குப் பிடித்த பொருள் செங்கல் சல்லி. நன்றாகச் சுட்ட, பழைய செங்கல்லை ஒரு சாக்குப்பைக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். சாக்கு இல்லாமல் உடைத்தால் சில்லுகள் கண்ணுக்குத் தெறிக்கும். உடைத்ததை முதலில் 6 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்துப் பெரியவற்றை மறுபடி அடிக்கப் போட்டேன். கீழே விழுந்ததைக் கொசுவலையில் சலித்துத் தூளைப் பிரித்தேன். மிஞ்சியதை வாளியில் போட்டு, கலங்கிய சிவப்புநீர் தெளியும்வரை அலசினேன். அலசுவதைச் சுருக்கிவிடக் கூடாது. சில்லில் ஒட்டியிருக்கும் தூள்தான் முதல் முறை நீர் ஊற்றும்போது கீழே இறங்கித் தொட்டியின் அடியில் சேறாகப் படியும். அலசிக் காயவைத்த ஒரு சில்லை எடுத்து ஒரு துளி நீர் விட்டால், துளி நிற்காமல் உள்ளே போய்விடும், மேல்பரப்பு உடனே மங்கிவிடும். அப்படிப்பட்ட செங்கல்தான் வேண்டும். துளி முத்தாக நின்றால் அது மிகையாகச் சுட்டு இறுகிய கல். காற்றுக்கு உதவும், ஈரத்துக்கு உதவாது.

சிமெண்ட் அல்லது சுண்ணாம்புக் காரை ஒட்டிய செங்கல்லை ஒதுக்கிவிட்டேன். அது கலவையைக் காரமாக்கும். சக்குலென்ட்களில் பெரும்பாலானவை லேசான அமிலத்தன்மையில், 6 முதல் 7 வரையிலான பிஹெச் அளவில், நன்றாக இருக்கின்றன. எங்கிருந்தோ எடுத்த சரளை சுண்ணாம்புக் கல்லா என்ற சந்தேகம் வந்தால் ஒரு கல்லைச் சுரண்டி அதில் வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழிவிட்டால் அது சுண்ணாம்பு.

மணலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. வடிகாலுக்கு மணல் கலக்கு என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை. கட்டடப் பூச்சுக்குச் சலித்த நுண்மணலைக் கலந்தால் விளைவு நேர்மாறாகத்தான் இருக்கும். இதைச் செய்து பார்த்துவிடலாம் என்று ஒரு குவளை 5 மி.மீ. சரளையும் ஒரு குவளை நுண்மணலும் எடுத்துக் கலந்தேன். இரண்டு குவளை வரவில்லை. ஒன்றரைக் குவளையை ஒட்டித்தான் வந்தது. காணாமல்போன அந்த அரைக் குவளைதான் சரளைக்கு நடுவே இருந்த காற்று. மணல் உள்ளே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மணல் போட வேண்டுமென்றால் கொசுவலையில் சலித்து மேலே நிற்பதை மட்டும் அலசிப் போடுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதில் உப்பு இருக்கும்.

கரித்துண்டு மண்ணின் நஞ்சை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் என்று சொல்லப்படுவதை நம்பி நான் அதைச் சேர்ப்பதில்லை. எடை குறைந்த, நுண்துளை உள்ள ஒரு சல்லி என்ற அளவில் ஒரு கைப்பிடி போடலாம். மற்றபடி அது இல்லாவிட்டாலும் குறையில்லை.

உயிர்ப்பொருள் பக்கம் தென்னை நாரிலிருந்து வரும் கோகோபீட், மக்கிய இலை உரம், மண்புழு உரம். கோகோபீட்டில் தூளும் உண்டு, சில்லும் உண்டு. சக்குலென்டுக்குச் சில்லுதான். தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த வகையானாலும் இரண்டு மூன்று தடவை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும், ஏனென்றால் தென்னை நாரில் சோடிய, பொட்டாசிய உப்புகள் இருக்கும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பொருள் மக்கிக்கொண்டே போகும். இன்று சில்லாக இருப்பது ஓரிரு வருடத்தில் தூளாகிச் சந்துகளை அடைத்துவிடும். நன்றாக இருந்த செடி இரண்டாம் வருடம் காரணமே இல்லாமல் வாடத் தொடங்கினால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கனிமச் சல்லிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அலசித் திரும்பப் பயன்படுத்தலாம்.

காற்றை அளந்து பார்த்தல்

எது எவ்வளவு கலப்பது என்று குத்துமதிப்பாக முடிவு செய்வதைவிட அளந்துவிடலாம். அதற்கு ஒரு தொட்டியும் அளவுக் குவளையும் போதும்.

சின்ன பிளாஸ்டிக் தொட்டியின் அடி ஓட்டைகளை நல்ல நாடா ஒட்டி அடைத்தேன். உள்ளே ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை எத்தனை மி.லி. நீர் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டேன். என் தொட்டிக்குச் சரியாக ஒரு லிட்டர் வரும்படி கோட்டை அமைத்துக்கொண்டதால் கணக்கு எளிதாகிவிட்டது. பிறகு நீரைக் கொட்டிவிட்டு, லேசாக நனைத்த கலவையைக் கோடு வரை போட்டுத் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன். ஓரத்திலிருந்து மெதுவாக நீர் விட்டேன், மேல்பரப்பில் நீர் மினுமினுக்கும் வரை. ஒரு மணி நேரம் ஊறவிட்டு, குறைந்துபோன அளவுக்கு மறுபடி நீர் சேர்த்தேன். அப்புறம் பாத்திரத்தின் மேல் பிடித்து நாடாவை உரித்தேன். வடிந்து வந்த நீரின் அளவுதான், வடிந்த பிறகு மண்ணுக்குள் வந்து உட்காரும் காற்றின் அளவு.

பை மண்ணில் வடிந்தது 90 மி.லி.யை ஒட்டி. அதாவது 9 சதவீதம். சரி, பாதிக்குப் பாதி பெர்லைட் கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். 150ஐத் தாண்டியது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பெரிய துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்காதவரை அவை நுண்மண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. நடுவிலுள்ள இடமெல்லாம் நுண்மண்ணுடையதாகவே இருக்கிறது. பெரிய துகள்கள் பெரும்பான்மையாகி, ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து தாமே இடைவெளி அமைக்கும்போதுதான் மண்ணின் குணம் மாறுகிறது. கடையில் வாங்கிய மண்ணில் ஒரு கைப்பிடி பெர்லைட் தூவுவதால் பெரிய பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

கடைசியாக நான் கலந்தது பத்துக் குவளைக் கணக்கில்: பியூமிஸ் மூன்று, செங்கல் சல்லி மூன்று, பருமணல் ஒன்று, கோகோபீட் சில்லு இரண்டு, சலித்த மண்புழு உரம் ஒன்று. இதில் 300 மி.லி.க்கு நெருக்கமாக வடிந்தது. சக்குலென்ட் கலவையில் கால் பங்குக்கு மேல் காற்று நின்றால் எனக்கு நிம்மதி. இந்த எண்களை வேறு தொட்டியில் எடுத்த எண்களோடு ஒப்பிடாதீர்கள். ஈரப்பட்டை விஷயத்தால் ஆழம் குறைந்த தொட்டி எப்போதும் குறைவாகவே காட்டும். ஒரே தொட்டியில் இரண்டு கலவைகளை ஒப்பிடத்தான் இந்த அளவு.

எல்லாச் செடிக்கும் ஒன்றேயல்ல

மேலே சொன்னது எச்சிவேரியாவுக்கும் ஹாவொர்த்தியாவுக்கும். ஜேடுக்கும் கற்றாழைக்கும் இதே கலவையில் உயிர்ப்பொருளைக் கொஞ்சம் கூட்டினேன், பாதிக்குப் பாதி என்ற அளவை நோக்கி. அவற்றின் வேர் பலமானது, வளர்ச்சியும் வேகம். லித்தாப்ஸுக்கு நேர் எதிர்த்திசை. பத்தில் ஒன்பது பங்கு கல். கையில் எடுத்தால் மண் என்றே தோன்றாது. தென்னாப்பிரிக்காவின் சரளை நிலங்களில் கல்லோடு கல்லாக வாழும் செடி அது. கிறிஸ்துமஸ் கள்ளியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அதுவும் கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலைவனச் செடி அல்ல. பிரேசில் மழைக்காடுகளில் மரக்கிளை மேல் வளர்வது. அதற்கு மரப்பட்டையும் இலை உரமும் கூடுதலாக வேண்டும்.

தொட்டியையும் கணக்கில் எடுங்கள். சுட்ட மண் தொட்டி சுவர் வழியாகவும் காயும். பிளாஸ்டிக்கும் பளபளப்புப் பூச்சுள்ள பீங்கானும் காயாது, அவற்றுக்குக் கல்லைக் கூட்ட வேண்டும். காற்று ஈரமாகவே இருக்கும் இடத்திலும் அப்படித்தான். வறண்ட, வெயில் சுள்ளென்று அடிக்கும் இடத்தில் உயிர்ப்பொருளைக் குறைத்தால் செடி சுருங்கிப்போகும்.

நடுதல்

நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த செடிகளில் வேருக்கு நடுவே ஒரு கரிய பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) உருண்டை இருக்கும். சில சமயம் அதைச் சுற்றி மெல்லிய வலைப்பை கூட இருக்கும். எச்சிவேரியாவைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர்கள் அந்த வலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. வலையைச் சிறு கத்தரியால் நான்கு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, பீட்டை ஒரு குச்சியால் மெதுவாகக் கோதிக் களைந்தேன். அந்த உருண்டையை உள்ளே விட்டுவிட்டு வெளியே எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் பயனில்லை. ஈரமானால் அது மட்டும் ஈரமாகவே கிடக்கும். ஒருமுறை முழுக்க உலர்ந்துவிட்டால் நீரை உள்ளே விடாது. ஊற்றும் நீர் எல்லாம் சுற்றியிருக்கும் சல்லி வழியே ஓடிவிட, நடுவிலிருக்கும் வேர் காய்ந்துகொண்டிருக்கும்.

வேரில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். அழுகி மென்மையான வேர்களை வெட்டி, செடியை மூன்று நான்கு நாள் நிழலில் வெறுமனே போட்டுவைத்தேன். வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் நீர். இலைகள் அதுவரை கொஞ்சம் சுருங்கலாம், பயப்பட வேண்டாம்.

மேலே ஒரு செ.மீ. அளவுக்குச் சிறு சரளை பரப்பினேன். ரோசா வடிவ இலையடுக்கின் அடி இலைகள் ஈர மண்ணில் படாமல் இருக்கும், நீர் ஊற்றும்போது பெர்லைட்டும் எழும்பாது. பசை போட்டு ஒட்டிய வண்ணக் கற்கள் இருந்தால் பெயர்த்துவிடுங்கள். அவை காற்றையும் தடுக்கும், உள்ளே ஈரமா காய்ச்சலா என்று பார்க்கவும் விடாது.

நீர், உரம், எடை

இந்தக் கலவைக்கு மாறியதும் நீர் ஊற்றும் முறையும் மாற வேண்டும். ஸ்பூனில் அளந்து ஊற்றுவது, தெளிப்பானால் தெளிப்பது எல்லாம் நுண்மண்ணுக்குப் பயந்து வந்த பழக்கங்கள். இப்போது அடி ஓட்டையில் வழியும் வரை தாராளமாக ஊற்றி, முழுக்கக் காயும்வரை விட்டுவிடுகிறேன். பாலைவனச் செடிகளுக்கு வரும் மழையும் அப்படித்தான். வறட்சியில் நுண்வேர்கள் பல காய்ந்து உதிர்ந்துவிடும், மண் நனைந்ததும் புதிய வேர்கள் சீக்கிரமே கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமாக மேலோட்டமாக நனைத்தால் ஆழத்தில் இருக்கும் வேருக்கு எதுவும் போய்ச் சேராது.

காய்ந்ததா என்று தெரிய எடைதான் நம்பகமானது. நட்டவுடன் உலர்ந்த நிலையில் ஒரு முறை, நீர் வடிந்து நின்ற பின் ஒரு முறை தராசில் வைத்து இரண்டையும் தொட்டியின் அடியில் எழுதிவைத்தேன். கொஞ்ச நாளில் தராசு தேவைப்படவில்லை, தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடுகிறது. பெரிய தொட்டிக்கு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பார்க்கலாம். குச்சி நிறம் மாறியிருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது.

கல் நிறைந்த கலவையில் சத்து குறைவு, நிற்கவும் நிற்காது. வளரும் பருவத்தில் திரவ உரத்தைப் பையில் சொன்ன அளவில் பாதிக்குக் கரைத்து மாதம் ஒரு முறை கொடுக்கிறேன். உறக்கப் பருவத்தில் கிடையாது.

மாற்றிய பிறகு எச்சிவேரியாவின் தொட்டி ஈரம் காய எடுத்துக்கொள்ளும் காலம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அடி இலைகள் கண்ணாடிபோலாகி உதிர்வது நின்றது. ஹாவொர்த்தியாவை ஒரு தடவை தொட்டியிலிருந்து நகர்த்திப் பார்த்தபோது பருத்த வெள்ளை வேர்கள் செங்கல் சில்லுகளைப் பற்றிக்கொண்டிருந்தன. ஒரு சில்லை இழுத்தால் வேரும் கூடவே வந்தது. நுண்வேர்கள் அந்தக் கரடுமுரடான முகத்திலேயே ஒட்டி வளர்ந்திருந்தன.

சலித்துக் கழித்த தூளைத் தூக்கிப்போட வேண்டாம். கோகோபீட் தூளும் மண்புழு உரத்தின் நுண்பகுதியும் பெரணி போன்ற ஈரம் கேட்கும் செடிகளுக்குப் போகட்டும். செங்கல்லை உடைத்ததில் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரையிலான பகுதியைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன். இலையிலிருந்து குட்டி எழுப்பும் தட்டுக்கு அதுதான் சரி. மயிர்போன்ற முதல் வேருக்கு 5 மி.மீ. சல்லியில் பிடிமானம் இருக்காது, நடுவிலேயே காய்ந்துவிடும். நுண்சல்லியும் கோகோபீட்டும் சமமாகக் கலந்து இரண்டு செ.மீ. பரப்பி, வெட்டுமுனை உலர்ந்த இலைகளை மேலே படுக்கவைத்தால் போதும், புதைக்க வேண்டியதில்லை. குட்டியின் வேர் தட்டின் அடியைத் தொட்டு, தாய் இலை வற்றிக் கழன்றதும் பருமனான கலவைக்கு மாற்றலாம்.